ஒரே கொட்டை, ஒரே அரைப்பு; ஒரு எஸ்பிரெஸோ ஷாட் புளிக்குது, அடுத்தது கசக்குது. சூடுதான் காரணமா?

#1 ராத்திரிக்_காப்பி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல இருக்கறது ஒற்றை பாய்லர் எஸ்பிரெஸோ மெஷின். அலுமினிய பாய்லர், கிட்டத்தட்ட 100 மில்லி பிடிக்கும். ஹீட்டர் 1300 வாட். பிஐடி (சூட்டை ஒரே அளவுல வச்சுக்கற மின்னணுக் கட்டுப்பாடு) கிடையாது. காப்பிக்கு ஒரு தெர்மோஸ்டாட், ஸ்டீமுக்கு ஒண்ணு, முன்னாடி ஒரு லைட். லைட் எரிஞ்சா ரெடி, அணைஞ்சா ஹீட்டர் ஓடுதுன்னு அர்த்தம்.

18 கிராம் தூள், 36 கிராம் காப்பி, 27லேருந்து 30 வினாடி. தராசுல வச்சுத்தான் போடறேன், கிரைண்டரைத் தொடறதே இல்ல. அப்படியும் ஒரு ஷாட் நாக்கைச் சுருக்கற புளிப்பு, அடுத்தது கருகின கசப்பு. நடுநடுவுல ஒண்ணு அருமையா வந்து வயித்தெரிச்சலைக் கிளப்பும், ஏன்னா அதைத் திரும்ப வரவைக்க முடியறதில்ல. சர்வீஸுக்குக் குடுத்தேன். "தண்ணி சூடாத்தானே வருது"ன்னு துடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

#2 அரைச்சது_போதும்

சூடு சூடுன்னு ஓடறதுக்கு முன்னாடி தூளைப் பாருங்க. நேரமும் எடையும் ஒண்ணா இருந்தா ஷாட்டும் ஒண்ணுன்னு அர்த்தம் இல்ல. தூள் ஒரு பக்கம் தளர்வா இருந்தா தண்ணி அங்க ஓட்டை போட்டுக்கிட்டு ஓடும். அந்த வழியில இருக்கற தூள் அளவுக்கு மீறிக் கரைஞ்சு கசக்கும், மத்த இடம் கரையாம புளிக்கும். அடித்திறப்பு போர்ட்டாஃபில்டர் (தூளைப் போட்டு மெஷின்ல மாட்டற கைப்பிடிக் கிண்ணம், அடிப்பக்கம் திறந்தது) இருந்தா அதுல ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிசிறி அடிச்சா விஷயம் அங்கதான் இருக்கு. இந்தக் குழுவுல வர்ற 'சூடு பிரச்சினை'ல பாதிக்கு மேல அரைப்புப் பிரச்சினை.

#3 ராத்திரிக்_காப்பி

அடித்திறப்புலதான் போடறேன். பிசிறல் இல்ல, நடுவுல ஒரே தாரையாச் சேர்ந்து இறங்குது. அப்புறம் ஓட்டை போட்டா புளிப்பும் கசப்பும் ஒரே கப்புல சேர்ந்து வரணும்ல? எனக்கு அப்படி இல்ல. புளிக்கறது முழுக்கப் புளிப்பு, மேல வர்ற நுரையும் வெளிறி சீக்கிரம் கலைஞ்சிடும். கசக்கறது முழுக்கக் கசப்பு, நுரை கருஞ்சிவப்பா இருக்கும். பால் நுரைச்ச பிறகு போடற ஷாட் எப்பவுமே கசப்பு. காலையில முதல் ஷாட் பெரும்பாலும் புளிப்பு. மத்ததெல்லாம் அது வச்ச சட்டம்.

#4 ஓம்விதி

நல்ல விவரணை. அரைப்பை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம் என்றே நினைக்கிறேன். பால் நுரைத்த பிறகு எப்போதும் கசப்பு என்ற ஒரு வரியே போதும், சூட்டைச் சந்தேகப்பட.

உங்கள் தெர்மோஸ்டாட் உள்ளே இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய சின்ன வில்லை. குறித்த சூடு வந்ததும் 'டப்' என்று மறுபுறம் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் திரும்பும். திரும்புகிற சூடும் துண்டிக்கிற சூடும் ஒன்றல்ல, நடுவே சில டிகிரி இடைவெளி வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஓயாமல் தட்டித் தட்டி முனைகள் கருகிவிடும். இதோடு இன்னொன்று: அது உட்கார்ந்திருப்பது பாய்லருக்கு வெளியே. உள்ளே தண்ணீர் சூடாகி, சுவர் சூடாகி, அந்தச் சூடு வில்லைக்கு எட்டுவதற்குள் எலிமெண்ட் (ஹீட்டரின் சூடாகும் கம்பி) பழுத்துவிடும். துண்டித்த பிறகும் அதில் தேங்கிய சூடு பாய்லருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே லைட் எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு ஏறும், அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்கும்.

இந்த வகை மெஷின்களில் 107 டிகிரி என்று அச்சடித்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். தூளுக்கு வேண்டியது 90லிருந்து 96 டிகிரிதான். ஆனால் பாய்லரிலிருந்து குரூப் (போர்ட்டாஃபில்டரை மாட்டும் தலை), போர்ட்டாஃபில்டர், தூள் என்று இறங்குவதற்குள் தண்ணீர் நிறைய இழக்கிறது. 107 அதற்காகத்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கப்பில் 36 கிராம். தூள் வில்லை தன் எடை அளவுக்கோ கொஞ்சம் கூடவோ தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆக பாய்லருக்குள் 55 கிராம் பச்சைத்தண்ணீர் நுழைகிறது. 25 டிகிரியிலிருந்து 93க்கு ஏற்ற 55 × 4.18 × 68, அதாவது சுமார் 15,600 ஜூல். 1300 வாட் ஹீட்டருக்கு இது 12 வினாடி வேலை. ஷாட் ஓடுவதோ 28 வினாடி. ஹீட்டருக்குச் சக்தி தாராளமாக இருக்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட் விழித்துக்கொள்வதற்குள் பாதி ஷாட் முடிந்திருக்கும். வெள்ளம் போன பிறகு அணை கட்டுகிற கதை.

ஹீட்டர் ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 100 கிராம் தண்ணீரும் அரைக் கிலோ அலுமினியமும் இருந்தால், அந்த 15,600 ஜூல் மொத்தத்தையும் 18 டிகிரி வரை இறக்கிவிடும். பச்சைத்தண்ணீர் அடியிலேயே தங்குவதால் நிஜத்தில் தூளில் அவ்வளவு தெரியாது. இதே ஷாட்டை 300 மில்லி தண்ணீரும் 2 கிலோ பித்தளையும் உள்ள பாய்லரில் போட்டால் இறக்கம் 8 டிகிரிக்குள் அடங்கும். சின்ன பாய்லர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆட்டமும் காணும்.

எனவே முதல் சோதனை: ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட் எந்த நிலையில் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் எரிந்ததா, எரிந்து வெகுநேரம் ஆயிற்றா, அணைந்திருந்ததா. ருசியைப் பக்கத்தில் எழுதுங்கள்.

#5 பித்தளைத்தலை

இவ்ளோ கணக்கு எதுக்குங்க? ஷாட்டுக்கு முன்னாடி ஒரு கப் வெறும் தண்ணியை ஓட விடுங்க, சூடு தணிஞ்சு சரியா வந்துடும். நான் ஈ61ங்கற பித்தளை குரூப் தலை வச்ச மெஷின்ல தினமும் அதைத்தான் பண்றேன்.

#6 ஓம்விதி

@பித்தளைத்தலை, உங்கள் மெஷினுக்கு அது சரி, அவருடையதற்கு நேர் எதிர். உங்களுடையது ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஸ்டீம் பாய்லர் 1 பார் அழுத்தத்தில் 120 டிகிரியில் நிற்கிறது. அதற்குள் ஓடும் குழாயில் காப்பித் தண்ணீர் தேங்கிக் கிடந்து அளவுக்கு மீறிச் சூடாகிவிடும், அதை வெளியேற்றுகிறீர்கள். அதனால் சூடு இறங்குகிறது. ஒற்றை பாய்லரில் தண்ணீரை ஓடவிட்டால் பச்சைத்தண்ணீர் நுழையும், தெர்மோஸ்டாட் விழிக்கும், ஹீட்டர் ஓடும். அரை நிமிஷம் கழித்துப் பார்த்தால் முன்பைவிடச் சூடு அதிகம்.

#7 பித்தளைத்தலை

அது சரி, ஒத்துக்கறேன். ஆனா 1961ல ஃபேமா கம்பெனி கொண்டு வந்த அந்தத் தலையை இன்னும் ஏன் எல்லாரும் போடறாங்கன்னு யோசிங்க. சுமார் 4 கிலோ பித்தளை, அதுக்குள்ள சுடுதண்ணி தானாச் சுத்தி வருது. ஒரு தடவை சூடேறிட்டா அசையாது.

#8 அரைச்சது_போதும்

ஏறறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

#9 ராத்திரிக்_காப்பி

குறிச்சுப் பார்த்தேன். லைட் எரிஞ்ச உடனே போட்டா கசப்புப் பக்கம், ரொம்ப நேரம் எரிஞ்சுக்கிட்டிருக்கறப்ப போட்டா புளிப்புப் பக்கம். ஓரளவு ஒத்து வருது, ஆனா முழுசா இல்ல. "இப்போதான் எரிஞ்சது"ன்னு எழுதினதுலயே சில ஷாட் சாதாரணம், சில ஷாட் நெருப்பு.

அதனால அளந்தே பாத்துடலாம்னு மல்டிமீட்டரோட வந்த கே டைப் ப்ரோப், சூடு அளக்கற அந்த மெல்லிசு கம்பி, அதைத் தூள் இருக்கற பாஸ்கெட் விளிம்பு மேல வளைச்சு தூளுக்கு மேல நுனி நிக்கற மாதிரி வச்சு மாட்டினேன். ரப்பர் கேஸ்கெட் கம்பியை அமுக்கிப் பிடிச்சுக்குது. ஓரத்துல நாலு சொட்டு கசியும், அவ்வளவுதான். முதல்ல தெர்மோகோல் கப்புல பிடிச்சு அளந்தேன், அது கப்போட சூட்டையும் சேர்த்துச் சொல்லுது, நம்ப முடியல.

லைட் அணையப் போற நேரத்துல போட்டா 86. எரிஞ்சு கால் நிமிஷத்துல போட்டா 97. ஆனா அந்த 97 எல்லாத் தடவையும் 97 இல்ல. சில சுத்துல 94, ஒரு சுத்துல 101 காட்டிச்சு. 101 வந்தப்போ தண்ணி குரூப்லேருந்து சீறிக்கிட்டு, வெள்ளையா ஆவியோட துப்பித் துப்பி வந்துச்சு. 94ல கண்ணாடிக் கம்பி மாதிரி சத்தமே இல்லாம இறங்குச்சு.

#10 ஓம்விதி

கடைசிப் பத்திதான் முக்கியம். 86க்கும் 97க்கும் நடுவே ஊசலாடுவது இந்த வகை மெஷினின் குணம், பழுது அல்ல. ஆனால் ஆரோக்கியமான தெர்மோஸ்டாட் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் துண்டிக்கும். உச்சம் ஒரு தடவை 94, ஒரு தடவை 101 என்றால் ஊசல் மேலேயே இன்னொரு ஊசல் இருக்கிறது. தெர்மோஸ்டாட் பாய்லரைச் சரியாகத் தொடவில்லை, அல்லது அதுவே தளர்ந்துபோயிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது தொடுதலைத்தான்.

அந்தச் சீறலையும் கவனியுங்கள், காசில்லாத தெர்மாமீட்டர் அது. அழுத்தத்தில் இருக்கும் வரை 105 டிகிரித் தண்ணீரும் தண்ணீராகவே இருக்கும். காற்றைப் பார்த்ததும் கொதித்துச் சீறும். சீறல் நின்றால் கொதிநிலைக்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது: 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

மேல்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முழுக்க ஆறவிடுங்கள். பார்க்க வேண்டியவை: தெர்மோஸ்டாட் ஆடுகிறதா, அடியில் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) ஈரமாக இருக்கிறதா அல்லது வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா, அதன் ஒயர் கவ்விகள் தளர்ந்து பழுப்பேறி இருக்கின்றனவா. பக்கத்திலேயே ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அதை எக்காரணம் கொண்டும் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நின்றால் பாய்லர் உருகாமல் காப்பது அது ஒன்றுதான்.

#11 கத்துக்குட்டி

அண்ணா, குறுக்கிடறதுக்கு மன்னிக்கவும். என்னோட மெஷின்ல பிஐடி இருக்கு, திரையில எப்பவும் 93ன்னு காட்டுது. அப்போ எனக்கு இந்தக் கவலையே வேணாம்ல? ஆனாலும் முதல் ஷாட் புளிக்குது.

#12 அரைச்சது_போதும்

திரை சொல்றது சென்சாருக்குத் தெரிஞ்ச சூடு. சென்சார் இருக்கறது பாய்லர்ல. தூள் இருக்கறது போர்ட்டாஃபில்டர்ல. நடுவுல அரைக் கிலோ பித்தளை சில்லுன்னு உக்காந்திருந்தா 93 எப்படி 93ஆ வந்து சேரும்? பாய்லர் மூணு நிமிஷத்துல சூடாயிடும், குரூப் ஆகாது. போர்ட்டாஃபில்டரை மாட்டியே வச்சு அரை மணி நேரம் விடுங்க. கையால தொட்டா, தொட்ட வேகத்துல எடுக்கற மாதிரி சுடணும். அவசரம்னா தூள் போடாம ரெண்டு தடவை வெறும் தண்ணி ஓட்டுங்க.

#13 ஓம்விதி

இதில் ஒன்று சேர்க்கிறேன். பல மெஷின்களில் அந்த 93 பாய்லரின் சூடே அல்ல. பாய்லர் 103ல் இருக்கும், வழியில் 10 டிகிரி போகும் என்று கழித்துக்கொண்டு 93 என்று காட்டுவார்கள். குரூப் முழுக்கச் சூடேறியிருந்தால்தான் அந்தக் கழித்தல் சரி. முதல் ஷாட்டில் 10 அல்ல, 15 போகும். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது.

#14 ராத்திரிக்_காப்பி

கழட்டிப் பாத்துட்டேன். காப்பித் தெர்மோஸ்டாட் கையால திருகினாலே அசைஞ்சது. எடுத்துத் திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் பாதி வட்டம் பளபளன்னு இருக்கு, மீதிப் பாதியில பேஸ்ட் காஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஓடு மேல சாய்ஞ்சு உக்காந்திருக்கு போல. அதிர்வுக்கு அப்பப்போ நல்லாத் தொட்டிருக்கு, அப்பப்போ விட்டிருக்கு. சர்வீஸ்ல இந்த மூடியையே திறக்கலைன்னு திருகாணியில இருந்த தூசியைப் பாத்தாலே தெரியுது.

எந்த பேஸ்ட் வாங்கறது? கம்ப்யூட்டருக்குப் போடறது வீட்டுல இருக்கு.

#15 ஓம்விதி

உறையில் எத்தனை டிகிரி தாங்கும் என்று பாருங்கள். ஸ்டீம் தெர்மோஸ்டாட் 145 வரை விடும், அதற்கு மேலும் கொஞ்சம் ஏறும். 200க்கு மேல் தாங்குவதாக எழுதியிருந்தால் போதும். பழையதை நகத்தாலோ மரக்குச்சியாலோ சுரண்டுங்கள். அலுமினியம் மென்மையானது, கத்தி வேண்டாம். பேஸ்ட் காகிதம் கனத்துக்கு மேல் வேண்டாம். அதிகம் அப்பினால் அதுவே தடுப்பாகிவிடும். திருகும்போது கை இறுக்கத்துக்கு மேல் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவே. அலுமினியத்தில் மரை போனால் பாய்லரையே மாற்ற வேண்டி வரும்.

ஸ்டீம் தெர்மோஸ்டாட்டையும் அப்படியே செய்துவிடுங்கள், மூடி திறந்திருக்கும்போதே.

#16 பித்தளைத்தலை

உப்புப் படிவை யாருமே சொல்லலையே? எலிமெண்ட் மேல படிஞ்சா சூடு தண்ணிக்கு இறங்காது, பாய்லர் சுவருக்குள்ள படிஞ்சா தெர்மோஸ்டாட்டுக்குத் தாமதமாத் தெரியும். ரெண்டுமே ஊசலைப் பெருசாக்கும். சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவிடுங்க.

#17 ஓம்விதி

சரியான பாயிண்ட். ஆனால் அலுமினிய பாய்லரில் ஆசிட்டை ஊறவைத்து மறந்துவிடாதீர்கள், உப்போடு அலுமினியத்தையும் அரிக்கும். நீர்த்த கரைசல், குறைந்த நேரம், பிறகு நிறைய நல்ல தண்ணீர். அடிக்கடி கழுவுவதைவிட உப்புக் குறைந்த தண்ணீரை ஊற்றுவது மேல்.

#18 ராத்திரிக்_காப்பி

மாட்டி அளந்தாச்சு. இப்போ கீழ 88, மேல 95. முக்கியமா எல்லாச் சுத்துலயும் அதே 95, மிஞ்சினா ஒரு டிகிரி முன்னப்பின்ன. 101 போன இடம் தெரியல.

அதனால சர்ஃபிங் (லைட்டைப் பாத்து நேரம் எண்ணி ஷாட் போடறது) இப்போதான் அர்த்தமுள்ளதா ஆகியிருக்கு. லைட் அணையற வரைக்கும் வெறும் தண்ணி ஓட்டறேன். அது திரும்ப எரியற வரைக்கும் தூளை அமுக்கித் தயாரா வச்சுக்கறேன். எரிஞ்சதும் மாட்டி, 40 வினாடி விட்டுப் பட்டனை அமுக்கினா 93ல ஆரம்பிக்குது. முன்னாடியும் இதையே செஞ்சு பாத்திருக்கேன், அப்போ ஒரு பிரயோஜனமும் இல்ல. லைட்டே பொய் சொல்லிக்கிட்டு இருந்தா எண்ணி என்ன ஆகும்.

மிச்சம் ரெண்டு தொல்லை. ஷாட் ஆரம்பம் 93, முடிவு 87. அப்புறம் விருந்தாளி வந்தா அடுத்தடுத்துப் போடற ரெண்டாவது ஷாட் இன்னும் கீழ.

#19 அரைச்சது_போதும்

கொட்டை என்ன வறுவல்? கருவறுவல்னா 93லேருந்து 87க்கு இறங்கறது ஒண்ணும் குடி முழுகற விஷயம் இல்ல, சொல்லப்போனா கசப்பு குறையும். இளவறுவல்னாத்தான் சூடு வேணும், 94க்குக் கீழ புளிப்புல மாட்டிக்குவீங்க. ஒரு டிகிரி ரெண்டு டிகிரிக்கெல்லாம் மெனக்கெடறது எனக்குப் பிடிக்காது. கிரைண்டர்ல ஒரு புள்ளி நகர்த்தினா வர்ற வித்தியாசம் அதைவிடப் பெருசு.

#20 ஓம்விதி

இரண்டு டிகிரி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், ஆறு டிகிரியில் இல்லை. அதுவும் இளவறுவலில் கடைசிப் பாதி கரையாமலே போகும்.

@ராத்திரிக்_காப்பி, செலவில்லாத வழி ஒன்று உண்டு. பட்டனை அமுக்கியதும் ஸ்டீம் சுவிட்சையும் போடுங்கள். காப்பித் தெர்மோஸ்டாட்டை அது தாண்டிவிடுவதால் ஹீட்டர் உடனே ஓடும். மேலே போட்ட கணக்குப்படி மொத்தத் தேவை 12 வினாடி. 8 வினாடியில் அணைத்துவிட்டு ப்ரோப்பைப் பாருங்கள், அங்கிருந்து ஏற்றி இறக்குங்கள். அணைக்க மறந்தால் அடுத்த ஷாட் கருகிவிடும், அது ஒன்றுதான் ஆபத்து.

பிஐடி பொருத்தினால் ஊசல் போய்விடும். குறித்த சூட்டை நெருங்க நெருங்க ஹீட்டரைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக ஓட்டும், எஸ்.எஸ்.ஆர். (அசையும் முனைகள் இல்லாத மின்னணு சுவிட்ச்) என்பதால் தட்டித் தேயவும் ஒன்றுமில்லை. ஆனால் பாய்லருக்கு வெளியே ஒட்டிய சென்சாருக்குப் பச்சைத்தண்ணீர் நுழைந்தது சில வினாடி கழித்துத்தான் தெரியும். நடு ஷாட்டில் இறங்குவதை பிஐடி தானாக முழுக்கச் சரிசெய்யாது. பம்ப் ஓடும்போதே ஹீட்டரையும் ஓட்டுகிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

#21 கத்துக்குட்டி

போர்ட்டாஃபில்டரை மாட்டி அரை மணி நேரம் விட்டேன், புளிப்பு போயிடுச்சு. நன்றி அண்ணா, நன்றி @அரைச்சது_போதும்.

#22 ராத்திரிக்_காப்பி

ஸ்டீம் சுவிட்ச் வித்தை வேலை செய்யுது. 8 வினாடி விட்டா முடிவு 90, 10 விட்டா 92. பத்துலயே நிறுத்திட்டேன். ரெண்டாவது ஷாட்டுக்கும் லைட் ஒரு சுத்து வர்ற வரைக்கும் காத்திருந்தா சரியா வருது. விருந்தாளி காத்திருக்கட்டும். பால் நுரைச்சா, குரூப்ல சீறல் நிக்கற வரைக்கும் தண்ணி ஓட்டிட்டு, லைட் ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்ச பிறகுதான் காப்பி.

பிஐடி இப்போதைக்கு வேணாம். ஒரு கேள்வி மட்டும்: 107க்குப் பதிலா 100 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டா 95லேருந்து இன்னும் கீழ வந்து, காத்திருக்கற வேலையே இல்லாம ஆகுமா?

#23 ஓம்விதி

ஆகாது. ஊசலின் அகலம் அப்படியே இருக்கும், மொத்தமாகக் கீழே நகரும், அவ்வளவுதான். 88–95 என்பது 81–88 பக்கம் போய்விடும், உச்சத்தில் பிடித்தாலும் புளிக்கும். இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். உச்சம் மறுபடி சுற்றுக்குச் சுற்று மாறத் தொடங்கினால், பேஸ்ட்டும் நன்றாக இருந்தால், அப்போது புது 107 ஒன்று வாங்குங்கள். பழையதைக் கழற்றி எடுத்துப்போய் மரையையும் கவ்வியின் அகலத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள், பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை எல்லாம் பொருந்தாது.